வாய் திறக்கப் பிந்திய பாய் வியாபாரி

லுவான் கெங்கிடம் காலையில் ஒரு ரகசியத்தைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் அது ஊர்க் கிணற்றடிக்கு வந்துவிடும். லின்ஷூவில் இது எல்லோருக்கும் தெரியும். அவனுக்கே தெரியும். "என்கிட்ட சொல்லாதீங்க, எனக்கு வயித்துல தங்காது" என்று கையைக் குவித்துக் கெஞ்சுவான். அப்படியும் சொல்லத்தான் செய்தார்கள். தன் வாயால் சொல்ல முடியாத, ஆனால் ஊருக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் எந்த வீட்டில்தான் இல்லை? இரவல் வாங்கிப்போன கலப்பையைத் திருப்பித் தராமல் என் சித்தப்பா இழுத்தடித்தபோது, என் அப்பா அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லுவானைக் கூப்பிட்டு ஒரு கிண்ணம் தினைக்கஞ்சி கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மறுநாள் கலப்பை எங்கள் வாசலில் கிடந்தது.

ஒரே மண்சுவரின் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவனும் வளர்ந்தோம். என்னைவிட நாலு வயது மூத்தவன். அவனுக்கு நினைவு தெரியும் முன்பே அம்மா போய்விட்டாள். அக்கா யிங்தான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அவளுக்கே அப்போது பத்து வயது இருக்காது. பிறகு மலைக்கு அந்தப் பக்கம், வெய் நாட்டு ஊரான ஹேயினில் பாங் என்ற மொச்சை விவசாயிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நாங்கள் ஜாவ் நாட்டவர்கள். ஆனால் அந்தக் காலத்தில் எல்லை என்பது வரி கேட்பவன் நிற்கிற இடம், அவ்வளவுதான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

லுவான் கோரைப்பாய் முடைகிறவன். ஆற்றோரம் கோரை அறுத்து, காயவைத்து, முடைந்து, முதுகில் சுருட்டிக் கட்டிக்கொண்டு இரண்டு ஊர்களிலும் விற்பான். விற்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். அவன் பயந்த கதைகளை அவனே சொல்லிச் சிரிக்கவைப்பான். அதில் ஊருக்குப் பிடித்தது பேரிக்காய்த் தோட்டத்துக் கதை. நாங்கள் சிறுபிள்ளைகளாகத் திருடப்போய் மாட்டிக்கொண்டோம். தோட்டக்காரர் தடியை ஓங்கினார், அவ்வளவுதான். தடி கீழே இறங்கும் முன்பே லுவான் எங்கள் அத்தனை பேர் பெயரையும் சொல்லிவிட்டான். போன வருஷத் திருட்டையும் சொன்னான். கடைசியில் நாங்கள் செய்யாத ஒரு திருட்டையும் ஒப்புக்கொண்டான். "வாங்கற அடிக்கு வஞ்சனை இருக்கக் கூடாதுல்ல" என்று அந்தக் கதையை முடிப்பான்.

இரண்டு நாடுகளுக்கும் குதிரைத்தாடைக் கணவாயை வைத்து வழக்கு முற்றியது அவனுக்கு முப்பது வயதான காலத்தில். எங்கள் ஊருக்கும் ஹேயினுக்கும் நடுவில் மலை. அதைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. ஆற்றுத்துறையைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதை ஒன்று, கணவாய் வழியாகப் போகும் குறுக்குப்பாதை ஒன்று. கணவாய் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கை மேலே. மார்கழிப் பனி தொடங்கும்போது வெய் நாட்டுப் படை பெரிதாக வந்து ஹேயினில் இறங்கியது. எங்கள் பக்கம் அதில் பாதி கூட இல்லை. என்னைப் போன்ற வயல்காரர்களுக்கு ஆளுக்கொரு ஈட்டியைக் கொடுத்து நிற்கவைத்தார்கள்.

எங்களுக்குத் தளபதியாக வந்தவர் ஷாங்குவான். ஒல்லியான மனிதர், ஓயாத இருமல். குரலை உயர்த்த மாட்டார். யாரையும் சாட்டையால் அடிக்கவில்லை. எங்களோடு தரையில் உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடித்தார். போர்க்கலையை ஏட்டிலும் களத்திலும் படித்தவர் என்று சொன்னார்கள். ஒருநாள் எங்களிடம் சொன்னார்: "அவன்கிட்ட ஆள் அதிகம். நேரா மோதினா நம்ம ஊர்ல ஆம்பளையே மிஞ்ச மாட்டான். அவன் காலாலயே அவன் நம்ம குழிக்கு நடந்து வரணும். வர்றதுக்கு அவனுக்கே ஆசை வரணும்."

அவர் வந்த முதல் வேலையாக ஊரைப் பற்றித்தான் விசாரித்தார். யாருக்கு எங்கே சொந்தம், யார் குடிப்பான், யார் கோபக்காரன், யார் பயந்தவன். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒரே பெயரைச் சொன்னார்கள். அடுத்த வாரம் முகாமுக்குப் பாய் கொண்டுவந்த லுவான், கேட்காமலே பேரிக்காய்க் கதையைத் தளபதிக்கும் சொன்னான். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்த பிறகு அவனைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனார்.

உள்ளே நடந்ததை லுவான் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குச் சொன்னான்.

"உக்காரு. நீ முடைஞ்ச பாய்தானே, என்ன கூச்சம்" என்றாராம். தினை மதுவைச் சுடவைத்து அவரே ஊற்றிக் கொடுத்தாராம். "ஹேயினுக்கு நீ அடிக்கடி போறவன். உங்க அக்கா வீடு அங்க இருக்கு. பாய் விக்கிற மாதிரி போ. அவங்ககிட்ட எத்தனை தேர் இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வா."

"ஐயா, நான் பயந்தாங்கொள்ளி. வாயும் நிக்காது. ஊர்ல யாரை வேணா கேளுங்க."

"கேட்டேன்."

"கேட்டுட்டுமா என்னை அனுப்பறீங்க?"

"அதனாலதான். உன்னைப் போய் ஒற்றன்னு எவன் நினைப்பான்?"

பிறகு அவன் கேட்காத ஒன்றையும் சொன்னார். எதற்காகப் போகிறோம் என்று தெரியாமல் ஒருவனை அனுப்புவது தனக்குப் பழக்கமில்லை என்றார். எங்கள் படை முழுவதும் ஆற்றுத்துறையைச் சுற்றிப் போய் ஹேயினைப் பின்னாலிருந்து அடிக்கப்போகிறது. படைக்கான தானிய வண்டிகள் மட்டும் கணவாய்க்குள் நிற்கும், காவலுக்குக் கிழவர்கள் கொஞ்சம் பேர். "இது வெளிய போச்சுன்னா லின்ஷூவுல ஒரு அடுப்பு எரியாது, புரியுதா?"

"ஐயா, இதை நீங்க என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது" என்று லுவான் அழுதே விட்டானாம்.

தளபதி அவன் தோளில் கைவைத்தார். "நீ சொல்ல மாட்டே. எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு."

பிறந்ததிலிருந்து அவனைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. தளபதி அதை மரியாதைக்குத்தான் சொல்லியிருப்பார். ஒருவனை வழியனுப்பும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தை. அது அவனுக்குள் போய் என்ன செய்யும் என்பது அவர் கணக்கில் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை, பேசவில்லை. அவன் மனைவி தாவ் பயந்துபோனாள். "என்னங்க, பல்வலியா?" என்று கேட்டிருக்கிறாள். ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கிறான். அவள் கிராம்பு தேடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். "கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்துல இப்படி வாயை மூடி நான் பாத்ததில்ல. ரெண்டு பல்லாவது சொத்தையா இருக்கணும்" என்றாள். விடியும்போது அவன் பாய்க்கட்டோடு கிளம்பிப் போய்விட்டான்.

அன்று இரவே எங்களையும் கிளப்பினார்கள். ஆற்றுத்துறைக்கு அல்ல, கணவாய்க்கு.

இரண்டு பக்கச் சரிவிலும் பாறைகளுக்குப் பின்னால் எங்களைப் படுக்கவைத்தார்கள். நெருப்பு மூட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிற்கக் கூடாது. கீழே பாதையில் நாலைந்து பழைய வண்டிகள், வைக்கோல் திணித்த மூட்டைகள், நடுங்குகிற சில கிழவர்கள். எதிரி நாளைக் காலையில் வருவான், ஒரு ராத்திரி பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் குழுத்தலைவர் பான் சொல்லிக்கொண்டு போனார். ஒரு ராத்திரிக்கான வறுத்த தினைதான் மடியில் இருந்தது.

காலையில் யாரும் வரவில்லை. அன்று பனி கொட்டியது. மறுநாளும் யாரும் வரவில்லை. தினை தீர்ந்தது. பனியைத் தின்றோம். கால் முதலில் வலித்தது, பிறகு எரிந்தது, பிறகு யாருடைய காலோ என்று ஆனது. பான் குனிந்தபடி எங்களைத் தாண்டிப் போகும்போது பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்: "அந்தப் பாய்க்காரன் இன்னுமா வாயைத் திறக்கல? முதல் அடியிலயே கொட்டிடுவான்னு சொன்னாங்களே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் பக்கத்தில் குயவன் துவான் படுத்திருந்தான். என்னைப் பார்த்தான். அவனுக்கும் விளங்கிவிட்டது. "நம்ம லுவானா?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. மறுநாள் விடிந்தபோது துவான் ஈட்டியை அணைத்தபடி அப்படியே இருந்தான். இமையில் பனி. எழுப்பினேன், எழவில்லை. அன்று எங்கள் சரிவில் அப்படி எழாதவர்கள் இன்னும் பலர்.

அந்தக் காலையில்தான் அவர்கள் வந்தார்கள். பேசிக்கொண்டு வந்தார்கள். நிறைய பேர் தோளில் காலிக் கோணிப்பை போட்டிருந்தார்கள், தானியம் அள்ளிக்கொண்டு போக. பாதி பேர் வில்லில் நாண்கூட ஏற்றவில்லை. கணவாயின் இரண்டு வாயையும் பாறை உருட்டி அடைத்தோம். அதற்குப் பிறகு நடந்ததைப் போர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டது. கீழே இறங்கி நடந்தபோது பாங்கைப் பார்த்தேன். லுவானின் மச்சான். அவர் கல்யாணத்தில் நான் சின்னப்பையனாக அவர் மடியில் உட்கார்ந்து பன்றிக்கறி தின்றிருக்கிறேன். கோணிப்பை தலைக்கடியில் மடிந்து, தூங்குகிறவர் மாதிரிக் கிடந்தார்.

ஹேயினில் லுவானுக்கு நடந்தது இது. ஊர் வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். ஒற்றன் ஒருவன் பாய் விற்பவனாக வருகிறான் என்று முன்கூட்டியே அவர்களுக்குத் துப்பு போயிருந்தது. துப்பு அனுப்பியதும் எங்கள் தளபதிதான். அவன் கண்டிப்பாகப் பிடிபட வேண்டும், அடி தாங்காமல் கொட்ட வேண்டும், கேட்டதை நம்பி அவர்கள் வர வேண்டும், ஏமாந்தது தெரிந்ததும் அவனைக் கொல்வார்கள். கற்ற தளபதிகள் இப்படிப்பட்டவனுக்குச் 'செத்த ஒற்றன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அனுப்பும்போதே அந்தப் பெயர்.

முதல் நாள் உள்ளங்காலில் மூங்கிலால் அடித்தார்கள். அவன் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கால் நகங்களைப் பிடுங்கினார்கள். சொல்லவில்லை.

"எனக்கே தெரியல தம்பி, ஏன்னு" என்று பின்னாளில் என்னிடம் சொன்னான். "வலிக்கலைன்னு நினைக்காதே. கத்தினேன், மூத்திரம் போயிட்டேன். ஆனா அந்தப் பேச்சு மட்டும் வரல. உங்க வீட்டு அடுப்பு, எங்க வீட்டு அடுப்பு, ஒவ்வொண்ணா நினைச்சுக்குவேன். நம்பிக்கை இருக்குன்னு அவர் சொன்னாருல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினேன்."

மூன்றாம் நாள் யிங்கைக் கொண்டுவந்தார்கள். அவளை அடிக்கவில்லை. அவள் கையை மரக்கட்டைமேல் வைத்து, கறி வெட்டுகிற கத்தியைப் பக்கத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான். அக்காவின் விரல்களைப் பார்த்தான், எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சொல்லி முடித்துவிட்டு அக்காவைப் பார்த்து, "ஊரைக் கொன்னுட்டேன்க்கா" என்று அழுதான்.

வெறும் கிழவர்கள் காவல், வண்டிவண்டியாகத் தானியம். மூன்று நாள் சித்திரவதைக்குப் பிறகு வந்த வார்த்தையை யாரும் சந்தேகப்படவில்லை. படையில் இருந்த பாங் இரவே வீட்டுக்கு வந்து கோணி தேடினாராம். யிங்தான் எடுத்துக் கொடுத்தாள்.

தோற்ற செய்தி வந்தபோது ஹேயினில் காவல்காரர்கள் சிதறி ஓடினார்கள். ஓடும் அவசரத்தில் லுவானைக் குத்திவிட்டுப் போக ஒருவருக்கும் தோன்றவில்லை. யிங் ஓடிவந்து கயிற்றை அறுத்து, அவனை இழுத்துப்போய் வைக்கோல் போரில் மறைத்தாள். பாங் செத்தது அவளுக்கு அப்போது தெரியாது. சாயங்காலம்தான் தெரிந்தது.

அடுத்த நாள், எங்கள் படை புகுந்திருந்த ஹேயினின் சந்தைத்திடலில் தளபதி விருந்து வைத்தார். பனியில் விறைத்த என் கால் விரல்களில் மூன்றை அதற்குள் வெட்டி எடுத்திருந்தார்கள். என்னை ஒரு வண்டியில் கிடத்தியிருந்தார்கள். லுவானைத் தூக்கிவந்து தளபதிக்குப் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால் உட்காரவைத்தார்கள். ரகசியத்தைச் சொன்னதற்குத் தலையை வாங்கப்போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். தளபதி எழுந்து, ஒரு பட்டுச்சுருளை அவன் மடியில் வைத்து, "இந்த வெற்றியைக் கொண்டுவந்தது இந்த மனுஷனோட நாக்கு" என்றார்.

எல்லோரும் கூச்சலிட்டார்கள். லுவானுக்குப் புரியவில்லை.

"ஐயா, நான் சொல்லிட்டேன்" என்றான் மெதுவாக. "மன்னிச்சிடுங்க. சொல்லிட்டேன்."

"தெரியும்."

"அப்போ... ஆத்துத்துறை?"

"அங்க யாரும் போகல."

"நீங்க என்கிட்ட சொன்னது பொய்யா?"

"உன்கிட்ட நிஜத்தைச் சொல்லி அனுப்ப முடியுமா, லுவான்?"

குழுத்தலைவர் பான் நன்றாகக் குடித்திருந்தார். "எல்லாம் சரிய்யா, ரெண்டு நாள் தாமதமாக்கிட்டியே. முதல் நாளே கொட்டியிருந்தா எங்க ஆளுங்க பனியில விறைச்சிருக்க மாட்டானுங்க" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். தளபதி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"தப்பு அவனோடது இல்ல" என்றார் தளபதி. "நான் எடைபோட்டதுல தப்பு. இவனுக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நான் நினைக்கல." அதை உண்மையான மரியாதையோடுதான் சொன்னார். தலையையும் தாழ்த்தினார்.

லுவான் அவரைக் கேட்டான்: "நான் செத்திருவேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"நீ சாவேன்னுதான் நினைச்சேன். உயிரோட இருக்கே. எனக்குச் சந்தோஷம்." சற்று இருமிவிட்டுச் சொன்னார்: "நேரா மோதியிருந்தா உன் ஊர்ல எத்தனை வீட்ல ஒப்பாரி கேக்கும், நீயே சொல்லு."

என் மூன்று விரலும் துவானும் போனதற்கு அந்த மனிதர்மேல் கோபப்படலாம் என்று பல வருஷம் முயன்று பார்த்திருக்கிறேன். கோபம் வரும்போதெல்லாம், தெருவில் ஓடுகிற பிள்ளைகள் கண்ணில் படுவார்கள். அந்தக் கணக்கில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை.

லுவான் அங்கிருந்து தவழ்ந்தபடிதான் அக்கா வீட்டுக்குப் போனான். உள்ளங்காலில் தோல் இல்லை. யிங் வெளுக்காத சணல் துணியில் துக்கம் காத்துக்கொண்டு, பாங்கின் உடம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றான்.

"சின்ன வயசுல ஒரு குட்டு வாங்கினா ஊர்க் கதையெல்லாம் கொட்டுவே. நகத்தைப் பிடுங்கியும் நீ பேசல. என் கையைப் பாத்ததும் பேசினே. அதுவும் எப்படி அழுதுக்கிட்டுப் பேசினே" என்றாள் யிங். "நான் வளத்த பிள்ளைக்கு இவ்வளவு தந்திரம் யாருடா சொல்லிக்கொடுத்தாங்க?"

"சத்தியமா அது நிஜம்னுதான் நினைச்சேன்க்கா."

"கோணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்." எழுந்து வந்து, வாசற்படியில் அவன் வைத்திருந்த பட்டுச்சுருளைத் தெருப்பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் என்னைப் பார்க்க வந்தான், இரண்டு கோலை ஊன்றிக்கொண்டு. நான் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க எத்தனை நாள் படுத்திருந்தீங்க?" என்று கேட்டான்.

சொன்னேன். அவன் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. கோல்களைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்தான்.

"எந்திரிண்ணே. இன்னும் ஏழு இருக்கு" என்றேன்.

"துவானுக்கு?"

நான் கட்டுத்துணியைச் சுற்றி முடிந்தேன். "நான் நல்லவனா இருக்கப் பாத்தேன் தம்பி. அந்த ஒரு தடவைதான் பாத்தேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். நான் அவனை எழுப்பி உட்காரவைத்தேன்.

அதன் பிறகு அவன் வாழ்ந்த வாழ்க்கையை வெளியூர்க்காரன் பார்த்தால் சிரிப்பான். ஊரிலேயே பெரிய தந்திரசாலி என்று அவனுக்குப் பெயர் வந்துவிட்டது. பயந்தவன் போல் முப்பது வருஷம் நடித்து, ஒருநாள் எதிரிப் படையையே கவிழ்த்தவன் என்றார்கள். பேரிக்காய்க் கதைகூட அப்போதே போட்ட வேஷம் என்று ஆனது. மழை வரும் போலிருக்கிறது என்று அவன் சொன்னால், கேட்டவர்கள் தானியத்தைக் காயப்போடுவதா எடுப்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். "இந்தப் பாய் ஒரு மாசத்துல பிரிஞ்சிடும், வேற தர்றேன்" என்று நேர்மையாகச் சொன்னால், இதில்தான் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று பிடுங்கிக்கொண்டு போனார்கள். பிரிந்ததும் வந்து சண்டை போட்டார்கள்.

ரகசியம் சொல்ல இப்போது யாரும் அவனிடம் வருவதில்லை. தாவ் ஒருநாள் என் மனைவியிடம் அழுதாள். "நேத்து 'உன் சமையல் நல்லா இருக்கு'ன்னார். நான் ஒரு நிமிஷம் மூஞ்சியை உத்துப் பாத்தேன். எதுக்குச் சொல்றார்னு யோசிச்சேன். அவர் அதைக் கவனிச்சுட்டார். சாப்பிடாம எந்திரிச்சுப் போயிட்டார்."

இன்னொரு போர்க்காலத்தில் புதுத் தளபதி ஒருவர் இளம் அதிகாரிகளோடு வந்து, அவனை நடுவில் உட்காரவைத்து, எப்படி எதிரியை நம்பவைத்தாய், சொல் என்றார். லுவான் எழுந்து நின்றான்.

"எனக்கு எதுவும் தெரியாது. என்னை ஏமாத்தினாங்க. நான் அவங்களை ஏமாத்தல" என்றான்.

அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவன் இன்னொருவனிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது: "பாத்தியா, நம்மகிட்டயே விட்டுக்கொடுக்க மாட்டேங்கிறான்." லுவானுக்கும் கேட்டிருக்கும். அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. அதையும் அவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

ஷாங்குவான் தளபதி நெடுநாள் இருக்கவில்லை. அரசவையில் யாரோ மூட்டிவிட்ட வதந்தியில் பதவி போய், ஏதோ தூரத்து ஊரில் இருமியே செத்துப்போனார் என்று கேள்வி. செய்தி வந்த அன்று லுவான் வாசலில் ஒரு கிண்ணம் மதுவைத் தரையில் ஊற்றினான். எதற்கு என்று நான் கேட்டேன். "நம்பிக்கை இருக்குன்னு சொன்னவர், வேற யாருமில்லையே" என்றான்.

ஹேயின் பிறகு எங்கள் நாட்டோடு சேர்ந்தது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் லுவான் இருப்பதிலேயே மெல்லிய கோரையாகப் பார்த்து ஒரு பாய் முடைவான். அவனுக்குத் தூரம் நடக்க முடியாது, எனக்கும் முடியாது. என் கோவேறு கழுதை வண்டியில் இரண்டு நொண்டிகளும் கணவாய் வழியாகப் போவோம். அந்தச் சரிவுகளுக்கு நடுவே வரும்போது நான் கழுதையை விரட்டி ஓட்டுவேன். யிங் வீட்டு வாசலில் பாயை வைத்துவிட்டு நிற்பான். கதவு திறக்காது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவோம். பாய்களை அவள் பிரிக்காமலே கொட்டகை மூலையில் அடுக்கி வைத்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள்.

போன வருஷம் கதவு திறந்தது.

யிங்குக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இடுப்பு வளைந்துவிட்டது. லுவானைப் பார்க்காமல் என்னிடம் பேசினாள்.

"நீதானே ஃபெங்? உங்க அப்பா பேரிக்காய்க்கு உன்னை அடிச்சாரே."

"ஆமாக்கா."

"எனக்கு வயசாயிடுச்சு. போறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அவரை அனுப்பினப்ப, 'பயப்படாதீங்க, கிழவனுங்கதான் காவல்'னு நானே சொல்லித்தான் அனுப்பினேன். அது பொய்னு இவனுக்கு அப்ப தெரியுமா, தெரியாதா. கேட்டுச் சொல்லு."

லுவான் அவள் முன்னால் போய் நின்றான். தொப்பியைக் கழற்றினான். "தெரியாதுக்கா" என்றான்.

அவள் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். சின்னப் பிள்ளையின் முகத்தில் ஒட்டிய கஞ்சியைத் துடைக்கப் பார்ப்பது போலப் பார்த்தாள். கண், நெற்றி, உதடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெருவில் ஒரு பன்றி உறுமிக்கொண்டு போனது.

"முன்னெல்லாம் உன் மூஞ்சியைப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் கடைசியில். கையை எடுத்தாள். "இப்ப தெரியலடா, கெங். எவ்வளவோ பாக்கறேன். தெரியல."

கதவை அறைந்து சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

திரும்பும் வழியில் ஒரு சத்திரத்தில் வண்டியை நிறுத்திச் சூடாகத் தினைக்கஞ்சி வாங்கினேன். லுவான் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். குடிக்கச் சொன்னேன். தலையை ஆட்டினான், குடிக்கவில்லை. ஆவி அடங்கியது. நான் கழுதைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தபோதும் கிண்ணம் அப்படியே இருந்தது.

"அடுத்த வருஷமும் வருவோமா?" என்று கேட்டேன்.

"வருவோம்" என்றான். இந்த வருஷக் கோரையை அறுத்து வைத்திருக்கிறான். ஆற்றோரம் இப்போது காய்ந்துகொண்டிருக்கிறது.